உடம்பு சிவப்பா, கறுப்பா

கறிவேப்பிலை மரத்துக் கொழுந்துப் பக்கம் அந்தப் பட்டாம்பூச்சி வந்துவிட்டது. இன்றைக்கு அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் சாரதாமணி துவைக்கிற கல்லின் மேல் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள், ஆனால் இத்தனை வருசப் பழக்கம் கழுத்தை அதுபாட்டுக்குத் திருப்பிவிட்டது. கறுப்பு இறக்கை, பின்னிறக்கை நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புச் சிவப்பாகப் பிறைகள், கீழே குட்டி வால். பார்க்கிறவர்கள் எல்லோரும் ரோஜா அழகி என்றுதான் சொல்வார்கள். இறக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது, உடம்பைப் பார்க்க வேண்டும், உடம்பு சிவப்பாக இருந்தால் ரோஜா அழகி, கறுப்பாக இருந்தால் இது கறிவேப்பிலை அழகியின் பொட்டை, ரோஜா அழகியின் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ரோஜா அழகி கருடக்கொடியைத் தின்று வளர்ந்தது, அதன் உடம்பெல்லாம் விஷம், குருவி கொத்தாது. இது நம் வீட்டு ரசத்தில் மிதக்கிற இலையைத் தின்று வளர்ந்தது, கொத்தினால் ருசியாகத்தான் இருக்கும், அதற்குத்தான் இந்த வேஷம். வேறொரு நாளாக இருந்தால் அவள் எழுந்துபோய், கொழுந்து நுனியில் அது வயிற்றை வளைத்து ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த நுனிக்குப் போவதை மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருப்பாள். இன்றைக்கு வேஷம் போடுகிற எதைப் பார்த்தாலும் வயிறு எரிந்தது. போய்த் தொலை என்று கையை வீசலாமா என்றுகூட நினைத்தாள். வீசவில்லை. பக்கத்து வீட்டுச் சமையலறையில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நாகரத்தினம் தாளிக்கக் கறிவேப்பிலை கேட்டுக்கொண்டு வருவாள், தினமும் வருகிற மாதிரி, ஒன்றுமே நடக்காத மாதிரி, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு. வரட்டும். இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் சாரதாமணி அங்கே உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணத் தரகர் நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில்தான் போன் செய்தார். சுற்றிவளைத்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், பில்லூர்த் தண்ணீர் வருகிறதா என்றார், அப்புறம் சொன்னார். "சூலூர்க்காரங்க வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்கம்மா. புள்ளைக்குச் சின்ன வயசுல வலிப்பு இருந்துச்சாமா. உங்க வாசல்லயே வெச்சுத் தெரிஞ்சுக்கிட்டாங்களாமா." வாசல்லயே. அந்தச் சொல்தான் ராத்திரி முழுக்கத் தொண்டையில் மாட்டிய மீன்முள் மாதிரி நின்றது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வாசலிலேயே என்றால் என்ன அர்த்தம், தெருவிலேயே என்றுதானே, பக்கத்திலேயே என்றுதானே, பக்கம் என்றால் வேறு யார், இந்தச் சந்தில் மொத்தமே இந்த இரண்டு வீடுதான் சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பெண் பார்க்க வந்து, கை நனைத்து, மாப்பிள்ளைப் பையன் மகள் இந்துவோடு கால் மணி நேரம் மொட்டை மாடியில் சிரித்துப் பேசிவிட்டு இறங்கி வந்து, பூ வைக்க நாள் மட்டும் பார்க்க வேண்டும் என்ற கட்டத்துக்கு வந்த சம்பந்தம். அக்கம்பக்கம் விசாரிப்பார்கள், அது உலக வழக்கம்தான், அவளே நாத்தனார் மகனுக்குப் பெண் தேடியபோது துடியலூர்ப் பக்கம் போய் வாடகைக்கு வீடு பார்க்கிறவள் மாதிரி நாலு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். ஆனால் விசாரிக்கிறவன் கேட்டால் சொல்லிவிடுவதா? பத்து நல்லது இருக்க, புதைத்து வைத்த ஒன்றைத் தோண்டி எடுத்தா கொடுப்பது? வீட்டுக்காரர் "விடு, வேற எடம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மில்லுக்கு ராத்திரி ஷிப்டு போய்விட்டார், ஆம்பிளைகளுக்கு எல்லாமே வேற எடம் பார்த்துக்கொள்கிற காரியம்தான். இந்து மட்டும் கம்ப்யூட்டரை மூடிவிட்டுக் கேட்டாள். "ஆரும்மா சொல்லியிருப்பாங்க?" "நாகுதான், வேற ஆரு." "சித்தி சொல்ல மாட்டாங்க" என்றாள் இந்து, அவ்வளவுதான், சாப்பிடாமல் படுத்துவிட்டாள். சொல்ல மாட்டாங்களாம். பெற்றவளைவிடச் சித்தியைத் தெரிந்துவிட்டது இவளுக்கு.

வலிப்பு என்ற சொல்லையே இந்த வீட்டில் யாரும் சொல்லுவதில்லை. 'அது' என்பார்கள், 'அப்போ' என்பார்கள். இந்து ஒண்ணாம் வகுப்பு படிக்கும்போது இதோ இந்த மரத்தடியில், அப்போது இது இடுப்புயரச் செடி, பாண்டி ஆடிக்கொண்டிருந்தவள் கட்டத்துக்குள்ளேயே சாய்ந்தாள். கண் மேலே போனது, பல் கிட்டியது, செருப்பில்லாத குதிகால் மண்ணில் டொக் டொக்கென்று அடித்தது. அந்தச் சத்தம் இன்றைக்கும் யாராவது மாவிடிக்கிற சத்தம் கேட்டால் வரும், சாரதாமணி எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிடுவாள். இரும்பு கொடுத்தால் நிற்கும் என்று இடுப்பிலிருந்த கொத்துச்சாவியை அவள்தான் பிள்ளையின் உள்ளங்கையில் திணித்தாள், நின்றதா, தானாக ஓய்ந்ததா, யாருக்குத் தெரியும், பிள்ளை துணி மாதிரித் தொய்ந்து கிடந்தது. அப்புறம்தான் நாகரத்தினம் ஓடிவந்தாள், கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து ஒரு மாதம்கூட ஆகாத புதுப்பெண், மஞ்சள் கயிற்றில் ஈரம் காயாதவள், கேள்வி கேட்காமல் பிள்ளையைத் தூக்கி ஆட்டோவில் தன் மடியில் போட்டுக்கொண்டாள். ஆட்டோவில் வழி முழுக்க அவள் பிள்ளையின் நெற்றியை ஊதிக்கொண்டே வந்தாள். ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். என்ன பேசினோம் என்பது சாரதாமணிக்கு ஞாபகம் வரவில்லை, என்னமோ பேசினார்கள், அந்த இடத்தில் மட்டும் நினைப்பு நனைந்த தீக்குச்சி மாதிரி உரசுகிறது, பற்றவில்லை. அந்த மடிதான், அந்த ஒரு மடிதான் வீட்டுக்கு வெளியே இதைத் தெரிந்துகொண்ட மடி. அப்புறம் நாலு வருசம் மாத்திரை, அதற்கப்புறம் ஒருநாள்கூட வரவில்லை, டாக்டரே போங்கம்மா என்று சொல்லிவிட்டார், பிள்ளை படித்தது, வேலைக்குப் போனது, ஊர் மறந்தது, ஊருக்குத் தெரிந்தால்தானே மறப்பதற்கு. அந்த மடி மறக்கவில்லை.

ஏன் செய்தாள் என்று யோசித்து யோசித்துத் தலை வலித்ததுதான் மிச்சம். பொறாமையா? அவளுக்குப் பிள்ளை இல்லை, இந்துவைத்தான் தன் பிள்ளை மாதிரிக் கொஞ்சுவாள், தீபாவளிக்குத் தனக்கு எடுக்காமல் அவளுக்கு எடுப்பாள். தன் பிள்ளை மாதிரி என்பதும் தன் பிள்ளை என்பதும் ஒன்றா? வேலியே பயிரை மேய்கிறது என்று சும்மாவா சொன்னார்கள். இந்து போய்விட்டால் தனக்கு யார் என்று நினைத்திருப்பாள், வாய் தவறினாற்போல் விட்டிருப்பாள். போன வாரம்கூடக் கேட்டாளே, "சூலூர் எடம் முடிஞ்சாப்பலதானுங்க்கா?" என்று, அந்தச் சிரிப்புக்கு இப்போது அர்த்தம் தெரிகிறது. தினம் இரண்டு கொத்து ஒடித்துக்கொண்டு போகிறவள் கடைசியில் நம்மையும் கறிவேப்பிலை மாதிரித்தான் எடுத்துப் போட்டுவிட்டாள், வாசத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு. இப்படி நினைத்ததும் சாரதாமணிக்கு அழுகை வந்தது, முந்தானையால் மூக்கை அழுத்திக்கொண்டாள். எதிரே ஒரு இலையில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு. முன்பெல்லாம் இதை நசுக்கித்தான் போடுவாள், எல்லா வீட்டிலும் நசுக்கித்தான் போடுவார்கள், எச்சம் என்று நம்பித் தொடாமல் விடுகிறவர்களும் உண்டு. விரலால் தட்டினாள். தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டியது, எலுமிச்சைத் தோல் கசக்கிய மாதிரி ஒரு நெடி. இதுகூடப் பயந்தால் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதேதான், சட்டென்று கேட்க வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும். ரோஜா அழகி மெத்தனமாகப் பறக்கும், வேஷக்காரியும் அதே மாதிரி மெத்தனமாகத்தான் பறந்து காட்டும், ஆனால் கையை வீசினால் வேஷம் மறந்து விருட்டென்று பாயும். நாகு திடுக்கிட்டால் அவள்தான். அப்படியா? விருட்டென்று பாய்வது விஷமில்லாததுதானே, விஷம் உள்ளது ஏன் அவசரப்படப் போகிறது. அப்படியென்றால் திடுக்கிடாவிட்டால்தான் அவளா? சாரதாமணிக்குக் குழம்பியது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள், வாசல்லயே, வாசல்லயே வெச்சு.

பூச்சி இப்போது தரைக்கு வந்து, பூச்சிகள் உறிஞ்சட்டும் என்று அவள் உப்புப் போட்டு நனைத்து வைத்திருந்த மணல் தட்டைச் சுற்றிவிட்டு இட்லிப்பூவுக்குப் போனது. இந்தத் தட்டு எதற்கு என்று இத்தனை வருசத்தில் நாகு ஒரு தடவை கேட்டிருப்பாளா? "என்னுங்க்கா மண்ணுக்குச் சோறு வெக்கறீங்களா" என்று சிரிப்பாள், கொத்தை ஒடிப்பாள், போவாள். கேட்கிறவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். போன வாரம் ஒரு அம்மா வந்திருந்தாள், இந்து ஆபீசுக்குப் போயிருந்த நாள், பச்சைச் சேலை, வெள்ளைக் கண்ணாடி, வெளி கேட்டில் நின்று, "பட்டாம்பூச்சித் தோட்டம் இந்த வீடுங்களா? நாங்களும் புதுசா வீடு கட்டியிருக்கறம், பூச்சி வரோணும்னா என்ன செடி வெக்கறதுங்?" என்று கேட்டாள். இந்த ஊரில் சாரதாமணியிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள். அந்த மத்தியானம் போன விதமே தெரியவில்லை. எலுமிச்சை, கறிவேப்பிலை இருந்தால் இது வரும், எருக்கு இருந்தால் வெந்தய வரியன் வரும், பூவை வைத்தால் குடிக்க வரும், இலையை வைத்தால்தான் குடியிருக்க வரும், மருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள் என்று தொண்டை காயும்வரை பேசினாள். அந்த அம்மா ரோஜா அழகி என்று கையைக் காட்டியபோது, "இறக்கையைப் பாக்காதீங், உடம்பைப் பாருங்" என்று சொல்லிக்கொடுத்தாள். "அட ஆமாங், கறுப்பு. நான் ஏமாந்துட்டனே" என்று அவள் வாயில் கைவைத்துச் சிரித்த சிரிப்பு. எப்படிங் இந்தப் பழக்கம் வந்துச்சு, பொழுது எப்படிங் போகுது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள், கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள், கேட்டுவிட்டுக் காத்திருக்கிற மனுசரை சாரதாமணி பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. ஒரு இடத்தில் அந்த அம்மாவுக்குக் கண்கூடக் கலங்கியது. அவள் போகும்போது சாரதாமணி கருடக்கொடிக் கன்று ஒன்றைத் தொட்டியோடு தூக்கிக் கொடுத்தாள், கையைப் பிடித்துக்கொண்டு அடிக்கடி வாங்க என்றாள். அந்த மாதிரி ஒருத்தி பக்கத்து வீட்டில் இருந்திருக்கக் கூடாதா? நமக்கு வாய்த்தது இதுதான், நாகரத்தினம். சுவருக்கு அந்தப் பக்கம் கடுகு டப்பா திறக்கிற சத்தம் கேட்டது, செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, எண்ணெய் காஞ்சுட்டிருக்குதுங், ரெண்டு கொத்து ஒடிச்சுக்கறனுங்" என்றபடி நாகரத்தினம் வந்தாள். காதோரம் நரை, கையில் கரண்டி, கரண்டியோடேயே வந்துவிட்டாள். முட்டை இருக்கிற கொழுந்தை விட்டு முற்றிய இலையாகப் பார்த்துத்தான் ஒடிப்பாள், சாரதாமணி எப்போதோ சொன்னது, இன்றைக்கும் அப்படித்தான் கையை உள்ளே விட்டு இரண்டு கொத்தை ஒடித்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் கேட்க வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றியது, தோன்றியதே கோபமாக வந்தது.

"நாகு, சூலூர்க்காரங்களுக்கு நீதானே சொன்னே?"

"என்னதுங்க்கா?"

"இந்துவுக்கு வலிப்பு வந்ததை. எதுக்கு இப்படிப் பண்ணிப்போட்டே? அவ உனக்கு என்ன பாவம் பண்ணுனா?"

நாகரத்தினம் திடுக்கிடவும் இல்லை, திடுக்கிடாமல் இருக்கவும் இல்லை. இலைக்குள் விட்ட கையை எடுக்க மறந்து அப்படியே நின்றாள். "இந்துவுக்கு வலிப்புங்களா?" என்றாள். "எப்பங்க்கா?"

"நடிக்காதே. உன்ற மடியில போட்டுட்டுத்தானே ஆட்டோவுல போனே."

"அது ஜன்னிங்க்கா." அவள் குரல் இறங்கிவிட்டது. "நீங்கதானே சொன்னீங்க. காச்சல் தலைக்கு ஏறி ஜன்னி கண்டுபோச்சு நாகுன்னு, ஆட்டோவுல வெச்சு. டாக்டருகிட்டயும் நீங்க மட்டுந்தானே உள்ள போனீங்க. நான் இன்ன வரைக்கும் அப்படித்தானுங் நெனச்சுட்டிருக்கறேன். இப்ப நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியுது."

தீக்குச்சி பற்றிக்கொண்டது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார், என்னாச்சும்மா புள்ளைக்கு என்றார், சாரதாமணி சொன்னாள், காய்ச்சல், ஜன்னி, முதலில் அவருக்குச் சொன்னாள், அப்புறம் மடியில் வைத்திருந்தவளுக்கும் அதையே சொன்னாள். பிள்ளை பிழைக்குமா என்று தெரியாமல் போகிற வழியிலேயே அவள் மனசில் ஒரு மூலை இதையெல்லாம் யோசித்திருக்கிறது, பெண் குழந்தை, நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போக வேண்டும், வாயை மூடு. சொன்ன பொய்யை அவளே மறந்துவிட்டு, அதை நம்பினவளைத்தான் ராத்திரி முழுக்க வைதுகொண்டிருந்தாள். இப்போது அவளே வாயால் சொல்லிவிட்டாள், இனி திரும்ப எடுக்க முடியாது.

"ஆரு சொன்னாங்களாமா?" என்றாள் நாகரத்தினம், கண்ணில் தண்ணீர் நிற்கிறது, ஆனால் கேள்வி கோபமாக இல்லை. "எங்கூட்டுக்கு ஆரும் விசாரிக்க வரலீங். இந்தச் சந்துக்கே வேத்தாளு ஆரும் வரலீங். உங்க வாசலுக்குத்தான் வந்தாங்க, அந்தப் பச்சைச் சேலைக்காரம்மா. காரு முக்குல நின்னுச்சு, உள்ள மாப்பிள்ளையோட அப்பா உக்காந்திருந்தாரு. பொண்ணு பாக்க வந்தன்னிக்குப் பாத்த மொகந்தானுங்களே, மறக்குமா? அந்தம்மா போயி ஏறுனதும் தொட்டியைக் கை நீட்டி வாங்குனாரு. சம்பந்தம் முடிஞ்சுது, ஒறவுமொறையெல்லாம் வந்து போக ஆரம்பிச்சுட்டாங்கன்னு நான் சந்தோசப்பட்டனுங்க்கா. அதுனாலதான் கேட்டேன் முடிஞ்சாப்பலதானுங்களான்னு."

சாரதாமணி உட்கார்ந்திருந்த கல் சட்டென்று குளிர்ந்தது. எப்படிங் இந்தப் பழக்கம் வந்துச்சு? அந்தக் கேள்விக்கு அவள் சொன்ன பதில் இப்போது ஒவ்வொரு சொல்லாக, அவள் குரலிலேயே திரும்ப வந்தது. என்ற பொண்ணுக்குச் சின்ன வயசுல வலிப்பு வருமுங், மாத்திரை போட்டா தூங்கித் தூங்கி விழுவா, ஓட விட மாட்டோம், இந்த மரத்தடியிலதான் உக்கார வெப்போம், அப்பப் புழுவைக் காட்டிக் காட்டிப் பழகுனதுங் இது. சந்துக்காரர்களுக்குச் சொல்லாதது, கூடப் பிறந்தவளுக்குச் சொல்லாதது. யாரோ ஒருத்தி, இனிமேல் பார்க்கப் போகிறோமா என்ன, நம்மைப் புரிந்துகொள்கிற ஒருத்தி என்று நினைத்து, இத்தனை வருசத்துக்கும் சேர்த்துக் கொட்டிவிட்டாள். அந்த அம்மா கண் கலங்கினாளே, அதுவும் பொய்யா? பூச்சியைப் பார்த்து ஏமாந்துவிட்டேன் என்று சிரித்தாளே, அந்தச் சிரிப்பு வேறு எதற்கோ சிரித்ததா? சம்பந்தம் போனதுகூட அப்புறம், அந்த மத்தியானம் போய்விட்டதே என்றுதான் சாரதாமணிக்கு முதலில் நெஞ்சு வலித்தது, இத்தனை வருசத்தில் அவளுக்கென்று கிடைத்த ஒரே மத்தியானம், அதையும் ஒருத்தி சேலை மாற்றிக்கொண்டு வந்து வழித்தெடுத்துப் போய்விட்டாள். பாவி. என் வாசலில் உட்கார்ந்து என் மோரைக் குடித்துவிட்டு. அடுத்த நினைப்பு தன் மேலேயே வந்து விழுந்தது, நான் செய்யாததா, துடியலூரில் நான் தட்டின நாலு கதவில் யார் வீட்டு மோரைக் குடித்தேன், தட்டிப்போன அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள்.

நாகரத்தினம் கரண்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். ஒடித்த கொத்துகளைக் கல்லின் மேல் வைத்துவிட்டாள், வேண்டுமென்று வைத்தாளா மறந்து வைத்தாளா தெரியவில்லை. கேட் பக்கம் போனவள் திரும்பி, "நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க்கா" என்றாள். வைதிருந்தால்கூடத் தேவலை. சாரதாமணி கல்லைவிட்டு எழுவதற்குள் அவள் வீட்டிலிருந்து எண்ணெய் புகைகிற வாசனை வந்தது, கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

சத்தம் கேட்டு இந்து வெளியே வந்தாள். ராத்திரி போட்ட அதே நைட்டி, காதில் ஒயர் தொங்குகிறது, முகம் வீங்கியிருந்தது. "சித்தி எதுக்கும்மா அழுதுட்டுப் போறாங்க?" என்றாள்.

"அவ சொல்லலை கண்ணு."

"அதான் நேத்தே சொன்னேனே. அப்பறம் ஆரு?"

"நான்தான்" என்றாள் சாரதாமணி. சொல்லிவிடுவதற்கு அது இவ்வளவு சின்னச் சொல்லாக இருந்தது. "பூச்சி பாக்கறேன்னு ஒருத்தி வந்தா. அவங்க ஆளுன்னு எனக்குத் தெரியலை. மத்தியானம் பூரா உக்காந்து பேசிட்டிருந்தோம். பேச்சோட பேச்சா வந்துபோச்சு."

இந்து கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். இந்து வந்து கல்லின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள், சின்னப் பிள்ளையில் உட்காருகிற அதே பக்கம், காதிலிருந்து ஒயரைக் கழற்றிச் சுருட்டினாள்.

"மத்தியானம் பூராவா?" என்று கேட்டாள். "என்னைப் பத்தி வேற என்னம்மா சொன்னே?"

சாரதாமணி யோசித்தாள். முட்டை எந்த நிறத்தில் இருக்கும் என்று சொன்னாள், புழு எத்தனை தடவை சட்டை உரிக்கும் என்று சொன்னாள், கூட்டுப்புழுவைத் தொடக் கூடாது என்று சொன்னாள், வெந்தய வரியனுக்கு எருக்கு வை என்று சொன்னாள். இந்து படித்ததை, சம்பாதிப்பதை, அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஒற்றை ஆளாக ஆஸ்பத்திரியில் ஓடியதை, ராகம் போட்டுச் சிரிப்பதை, எதையாவது சொன்னோமா என்று அந்த மத்தியானத்தைத் திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தாள். மகளைப் பற்றி அந்த ஒன்றைத் தவிர அவள் வேறு எதுவும் சொல்லியிருக்கவில்லை.